கும்மிக்கு வந்த எடத்துல கொள்கையச் சொல்லோணுமா?

கேள்வி: அக்கா, நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கறனுங்க. வள்ளி கும்மி கத்துக்கலாம்னு ஒரு குழுவுல சேந்திருக்கறேன். புதுசா வர்றவிய வாட்ஸப் குரூப்ல தன்னப்பத்தி நாலு வரி போடோணும்னு வாத்தியார் சொல்லிட்டாருங்க. எனக்கு சாமி நம்பிக்கை கெடையாது, பாட்டு பூரா முருகனும் வள்ளியும்தான். சொன்னா ஒதுக்கிருவாங்களா, சொல்லாம ஆடுனா அது பொய்யா? இதுல ஒருத்தரு வேற "நீங்க என்ன கூட்டம்"னு, அதாவது சாதிக்குள்ள எந்தக் குலம்னு, கேட்டிருக்காரு.
- பேர் வேண்டாமுங்க, அவிநாசி

பதில்: சரி கண்ணு, பேர் வேண்டாம். மொதல்ல ஆட்டத்தப் பத்தி எழுது, நாலு வரில மூணு வரி அதுதான் இருக்கோணும். "எனக்கு டான்ஸ் புடிக்கும், மியூசிக் புடிக்கும்"னு போட்டா யாரும் திரும்ப ஒரு வார்த்த கேக்க மாட்டாங்க, கேக்கறதுக்கு அதுல என்ன இருக்குது சொல்லு. "நோம்பில கும்மி பாத்ததுல இருந்து, பாட்டு வேகமெடுக்கற எடத்துல அத்தன பேரும் எப்படி ஒட்டுக்காத் திரும்பறாங்கனு மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருக்குது, எனக்கு தாளம் வரும் ஆனா குனிஞ்சு நிமுந்தா மூச்சு வாங்குது"னு எழுதிப் பாரு, "எங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு அம்முணி"னு நாலு பேர் வந்துருவாங்க.

நம்பிக்கைய ஒரே வரில முடி. "எனக்கு சாமி நம்பிக்கை இல்லீங்க, ஆனா இந்தக் கதையும் ஆட்டமும் ரொம்பப் புடிக்கும்." ஏன் இல்ல, எப்பப் போச்சு, எதப் படிச்சுப் போச்சுனு ஆரம்பிச்சீனா அது யாரும் கூப்பிடாத பட்டிமன்றம் ஆயிரும். "மூடநம்பிக்கை"ங்கற வார்த்தை மட்டும் உள்ள வரவே கூடாது, அது வந்துச்சுன்னா உன்னப்பத்திச் சொன்னது போயி அவிங்களப்பத்திச் சொன்னதா ஆயிருது, வம்பு அங்கதான் வரும்.

சொல்லியே ஆகோணும்னு கட்டாயமில்ல. ஆனா அரங்கேற்றம் கோயில் திடல்ல வெச்சாங்கன்னா எல்லாரும் கற்பூரம் தொட்டுக் கும்பிட்டுட்டு ஆட எறங்குவாங்க, அன்னைக்கு நீ மட்டும் தள்ளி நின்னா "இந்தப் புள்ள எதுக்கு மூஞ்சியத் தூக்கிட்டு நிக்குது"னு பேச்சு வரும், மொதல்லயே ஒரு வரி சொல்லி வெச்சிருந்தா அந்தத் தொந்தரவு இல்ல. வாத்தியார்கிட்ட நேர்லயும் சொல்லிரு, அவருக்கு குரூப்ல பாத்துத் தெரியறது நல்லாருக்காது.

பொய்யெல்லாம் இல்ல. தினைக்காட்டுல பரண் மேல நின்னு குருவி ஓட்டற புள்ளைகிட்ட ஒருத்தன் வேடனா வாரான், கெழவனா வாரான், அவ மசியவே இல்ல, கடைசில ஆனைய வரவெச்சுப் பயமுறுத்தறான். நம்பறவிய அத சாமியாப் பாக்கறாங்க, நீ கதையாப் பாக்கற, கால் ரெண்டு பேருக்கும் ஒரே தாளத்துலதான் உழுகோணும். மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டி கும்மி வாத்தியார் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024ல பத்மஸ்ரீ குடுத்தாங்கல்ல, ஆம்பளைங்க ஆட்டமா இருந்தத பொம்பளைங்களுக்கும் சொல்லிக் குடுத்தவரு அவரு, முருகன் வள்ளி கதையோட சமூகக் கருத்தும் அவரு பாட்டுல வரும். அதுனால நீ எடங்கெட்டு வந்துட்டதா நெனைக்காத. அட, ஈரோட்டுப் பெரியாரே ஒரு காலத்துல தேவஸ்தானக் கமிட்டில இருந்து கோயில் நிர்வாகத்தப் பாத்தவருதான்.

கூட்டம் கேட்டது எனக்கு ஒப்பல. பங்காளியா மாமன் மச்சானானு தெரிஞ்சா முறை சொல்லிக் கூப்பிடலாம்னு பெரியவிய சமாதானம் சொல்லுவாங்க, ஆனா அந்தக் கேள்வியே ஒரே சாதிக்காரங்கதான் இங்க இருப்பாங்கனு நெனச்சுட்டுக் கேக்கறது, மத்தவிய என்ன பண்ணுவாங்க? "நம்ம வாத்தியார் கூட்டமுங்க"னு சிரிச்சுட்டே போடு. மறுபடியும் கேட்டா "அதெல்லாம் சொல்றதில்லீங்க", அவ்வளவுதான்.

கேள்வி: ரிட்டயர் ஆன தமிழாசிரியர் நான். பறவை பார்க்கிற குழுவில் என் கொள்கை, பணி, விருதுகள் எல்லாம் விரிவாக எழுதினேன். ஒரே ஒரு கட்டைவிரல்தான் வந்தது.
- கோபிசெட்டிபாளையம்

பதில்: ஐயா, அதுல பறவை எங்கீங்க? 2022ல ராம்சார்ங்கற உலக ஈரநிலப் பட்டியல்ல வந்த வெள்ளோடு பறவைகள் சரணாலயம் உங்களுக்குக் கிட்டத்துலதான இருக்குது, கூழைக்கடா பாக்க எத்தன மணிக்குப் போகோணும்னு ஒரு கேள்வி போடுங்க. இல்லாட்டி சங்கப் பாட்டுல வர்ற குருகு, அன்றில் பத்தி ரெண்டு வரி எழுதுங்க, அது உங்களாட்ட வாத்தியாருக்குத்தான் வரும், கேட்டுட்டே இருப்பாங்க. விருது இருக்கட்டும், யாராச்சும் கேக்கறப்ப சொல்லிக்கலாம்.

கேள்வி: அறிமுகத்துல பொறந்த தேதி, பசங்க ஸ்கூல் எல்லாம் போடலாமுங்களா அக்கா?
- பொள்ளாச்சி

பதில்: வேண்டவே வேண்டாம். போன் நம்பர் குரூப்ல இருக்கறவிய எல்லாருக்கும் தெரியுது, அதோட பொறந்த தேதியும் சேந்துச்சுன்னா "பேங்க்ல இருந்து பேசறனுங்க மேடம்"னு கூப்பிடறவனுக்கு ரொம்பச் சுலுவு. ஸ்கூல் பேரு, வேன் வர்ற நேரம் எதுவும் வேண்டாம். "ரெண்டு பசங்க, சின்னவன் ரொம்ப வாலு"னு போட்டா போதுமுங்க.