ராணித் தேனீ வளர்க்க எந்தப் பெட்டி, எந்தச் சாமான்?

குமரி மாவட்டக் குலசேகரத்தில் 12 தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். ஆன்லைனில் ராணி வளர்ப்பு கிட் விற்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம். பெரும்பாலும் அது இத்தாலியத் தேனீக்குச் செய்தது. நம் ரப்பர் தோட்டங்களில் இருப்பது இந்தியத் தேனீ. உடம்பும் சிறிது, அடையின் அறையும் சிறிது. ராணியாக வளர்க்கும் புழுவை வைக்க கிட்டில் வரும் பிளாஸ்டிக் கிண்ணத்தின் வாய் 9 மி.மீ. அளவு இருக்கும். நம் தேனீக்கு 7 மி.மீ. போதும்.

கிண்ணத்தை வீட்டிலேயே செய்துவிடலாம். நுனி மழுங்கிய உருண்டைக் குச்சி ஒன்றை நன்றாகத் தண்ணீரில் ஊறவையுங்கள். உங்கள் பெட்டியின் மெழுகையே உருக்கி, சூடு அடங்கியதும் குச்சியை மூன்று நான்கு தடவை முக்குங்கள். ஒவ்வொரு தடவையும் ஆழத்தைச் சற்றுக் குறைக்க வேண்டும். அப்போதுதான் அடி தடித்தும் விளிம்பு மெலிந்தும் வரும். மெல்லிய விளிம்பு கிடைத்தால்தான் தேனீ அதைப் பிடித்து நீட்டிக் கட்டும். அடையைத் தாங்கும் மரச்சட்டத்தின் நடுவில் ஒரு குறுக்குப் பட்டை அடித்துப் பத்துக் கிண்ணம் ஒட்டினால் 12 பெட்டிக்காரருக்குத் தாராளம்.

புது ராணிக்கு உள்ளங்கை அளவுப் பெட்டி போதும் என்கிறார்களே?

அந்தக் குட்டிப் பெட்டியில் நம் தேனீ நிற்காது; இரண்டே நாளில் கூட்டத்தோடு பறந்துவிடும். உங்கள் தாய்ப்பெட்டி நியூட்டன் அளவு (இந்தியத் தேனீக்கான பெட்டி வகை) என்றால், அதே சட்டம் மூன்று நான்கு கொள்ளும் சிறு பெட்டி செய்யுங்கள். புழு அடை ஒன்று, தேனும் மகரந்தமும் உள்ள அடை ஒன்று, அவற்றை மூடும் அளவுக்கு இளந்தேனீ. இவ்வளவு இருந்தால் கூட்டம் தங்கும். ராணி முட்டையிடத் தொடங்கியதும் சட்டங்களை அப்படியே பெரிய பெட்டிக்கு மாற்றலாம். சட்ட அளவு ஒன்றாக இருப்பதன் அருமை அன்றைக்குத் தெரியும். மரத்துக்கு அயனி நல்லது. மருந்து ஏற்றாத ரப்பர் பலகை விலை குறைவுதான், ஆனால் வண்டு துளைத்துவிடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். கூட்டம் ஓடாதிருக்கப் பலர் வாசலில் ராணித் தடுப்பு (ராணி நுழைய முடியாத சிறு துளைத் தட்டு) மாட்டுகிறார்கள். கன்னி ராணி வெளியே பறந்துதான் ஆண் ஈயோடு சேர வேண்டும். தொடக்க காலத்தில் நானும் தடுப்பை மாட்டிவிட்டு மறந்துவிட்டேன். அந்த ராணி இட்டதெல்லாம் ஆண் முட்டை. நல்ல கூட்டம், கண்ணெதிரே அழிந்தது. ராணி அறையை வைத்த அன்றே தடுப்பைக் கழற்றுங்கள்.

ஆரல்வாய்மொழியில் காற்று அதிகம். ராணி திரும்பி வருமா?

காற்றாலை சுழலும் இடத்தில் சிரமம்தான். வாழைத் தோட்டம் மாதிரி மறைவான இடத்துக்குப் பெட்டியைக் கொண்டுபோங்கள். வாசல்கள் வெவ்வேறு திசை பார்க்கட்டும், முகப்புக்கு வெவ்வேறு நிறம் அடியுங்கள். வழி தவறி அடுத்த பெட்டிக்குள் நுழையும் ராணியை அங்குள்ள தேனீக்கள் கொன்றுவிடும்.

பழைய பெட்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. எடுக்கலாமா?

பெட்டியை எடுங்கள், அடையை எடுக்காதீர்கள். 1991-92இல் தாய் சாக்புரூட் (Thai sacbrood) என்ற, புழுவைக் கொல்லும் வைரஸ் நோய் வந்து தென்னிந்தியக் கூட்டங்களைக் காலி செய்ததை மார்த்தாண்டம் பக்கத்துப் பெரியவர்கள் மறக்கவில்லை. பழைய அடையை உருக்கிவிடுங்கள். பெட்டியின் உட்புறத்தைச் சுரண்டி, தீ ஜ்வாலை காட்டி, வெயிலில் போடுங்கள்.

எல்லாம் தயார். எப்போது தொடங்கலாம்?

ரப்பர் தளிர்த்துத் தேன் வரத்து தொடங்குமுன், மழை விடும் இடைவெளி பார்த்து. ஆனால் காலண்டரை மட்டும் நம்ப வேண்டாம், அடையைப் பாருங்கள். ஆண் ஈ அறையின் மூடி சற்று மேடாக, நடுவில் ஊசி குத்தியது போன்ற ஓட்டையோடு இருக்கும். அப்படி மூடிய அறைகள் நிறையத் தெரிந்தால் அடையிலிருந்து கிண்ணத்துக்குப் புழு மாற்றலாம். ஒரு நாளைத் தாண்டாத புழுவாகப் பார்த்து எடுங்கள். புழு மாற்றிய ஒன்பதாம் நாள் ராணி அறைகளைச் சிறு பெட்டிகளுக்குப் பிரித்துவிடுங்கள். பிந்தினால் முதலில் வெளிவரும் ராணி மற்ற அறைகளைக் கடித்துத் திறந்து உள்ளிருப்பவற்றைக் கொட்டிக் கொன்றுவிடும்.