அனுப்புநர் பெயரை நம்பலாமா?

கேள்வி: என் முகவரியிலிருந்தே எனக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. 'உன் கம்ப்யூட்டரை ஹேக் செய்துவிட்டேன், கேமரா வழியாக உன்னைப் படம் பிடித்திருக்கிறேன், பிட்காயினில் பணம் அனுப்பாவிட்டால் எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன்' என்கிறான். நான் எப்போதோ வைத்திருந்த பாஸ்வேர்டையும் சரியாக எழுதியிருக்கிறான். தூக்கமே வரவில்லை.

பதில்: நிம்மதியாகத் தூங்குங்கள். பணம் அனுப்ப வேண்டாம், திட்டி ஒரு பதில் போடவும் வேண்டாம். இந்த மாதிரிக் கடிதத்தைப் பாஸ்வேர்டை மட்டும் மாற்றி மாற்றி ஏராளமானவர்களுக்கு அனுப்புவதுதான் இவர்கள் தொழில். படம் உண்மையிலேயே கையில் இருந்தால் அதிலிருந்து ஒரு துண்டையாவது காட்டியிருப்பான் இல்லையா?

உங்கள் முகவரியிலிருந்தே வந்ததுதான் உங்களை அதிகம் உலுக்கியிருக்கும். மெயில் போய்வரும் எஸ்எம்டிபி என்ற முறையை 1982இல் வகுத்தபோது நெட்வொர்க்கில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆராய்ச்சியாளர்கள், ஒருவரையொருவர் சந்தேகிக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. அதனால் அனுப்புநர் இடத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் போடலாம் என்றே விட்டுவிட்டார்கள், தபால் உறையின் பின்னால் யார் விலாசத்தையும் எழுதிப் பெட்டியில் போட்டுவிடலாம் என்பது போல. அனுப்புநர் நிஜமானவர்தானா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற சோதனைகளெல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. அவற்றைச் சரியாக அமைக்காத டொமைன்கள் (மெயில் முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்கள்) இன்னும் இருக்கின்றன, ஆகவே போலி அனுப்புநர்கள் அவ்வப்போது உள்ளே நுழைந்துவிடுகிறார்கள்.

சரி, பாஸ்வேர்ட் எப்படிக் கிடைத்தது? நீங்கள் எப்போதோ பதிவு செய்துவிட்டு மறந்துபோன ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்திருக்கும். கணினிப் பாதுகாப்பு நிபுணர் ட்ராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் உங்கள் முகவரியைப் போட்டுப் பாருங்கள், தெரியவந்த கசிவுகளில் எதிலெல்லாம் அது இருக்கிறது என்று காட்டும். அந்தப் பழைய பாஸ்வேர்டை இன்றும் வேறெங்காவது வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். இந்த மெயிலில் நீங்கள் கவலைப்பட வேண்டிய விஷயம் அது ஒன்றுதான்.

கேள்வி: குப்பை மெயில்களில் 'அன்சப்ஸ்க்ரைப்' என்று இருக்கிறதே, அழுத்தலாமா?

பதில்: நீங்களே சேர்ந்த செய்திமடல், பொருள் வாங்கிய கடை என்றால் தாராளமாக அழுத்துங்கள். அனுப்பியவன் யாரென்றே தெரியாவிட்டால் கூடாது, இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நீங்களே சொல்லிக் கொடுத்ததாகிவிடும். 'ஸ்பாம்' என்று குறித்துவிட்டு நகருங்கள், வடிகட்டியும் அதிலிருந்து கற்றுக்கொள்ளும். 2024இலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக விளம்பரம் அனுப்புகிறவர்கள் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும் என்று கெடுபிடி செய்கின்றன. அதனால் மெயிலின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் லிங்க்கைத் தேட வேண்டாம், மேலே அனுப்புநர் பெயருக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் அந்தப் பொத்தான் இருக்கும்.

இன்னொன்று. மெயிலுக்குள் கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டிப் படத்தை வைத்து, அது எப்போது திறக்கப்பட்டது என்று கணக்கெடுப்பார்கள். செட்டிங்ஸில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தி வைத்தால் அந்த வேவு வேலை நடக்காது.

கேள்வி: வங்கியிலிருந்து வந்த மெயில் உண்மையா போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எழுத்துப்பிழை இருந்தால் போலி என்பார்களே?

பதில்: அந்தக் காலம் போய்விட்டது. இப்போது ஏஐயிடம் சொன்னால் வங்கி மேலாளரைவிட நன்றாகவே எழுதிக் கொடுக்கிறது. மொழியை விடுங்கள், லிங்க் எங்கே போகிறது என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் மவுஸை அதன் மேல் வைத்தால் போதும். போனில் விரலை அழுத்திப் பிடித்தால் முழு முகவரி தெரியும்.

உதாரணத்துக்கு 'எச்டிடிபிஎஸ்://உங்கள்வங்கி.காம்.அக்கவுன்ட்-செக்.இன்ஃபோ/லாகின்' என்று இருக்கிறதென வைத்துக்கொள்வோம். முதலில் வங்கியின் பெயர் கண்ணில் பட்டதும் மனம் சமாதானமாகிவிடும், ஏமாறுவது அங்கேதான். ஆரம்பத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு அடுத்த சாய்கோடு எங்கே என்று பாருங்கள், அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். கடைசி இரண்டு துண்டுகள் 'அக்கவுன்ட்-செக்.இன்ஃபோ', அவன்தான் சொந்தக்காரன். முன்னால் இருக்கும் வங்கிப் பெயர் அவன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. ('.கோ.இன்' என்று முடிவது போன்ற சில நாட்டு முகவரிகளில் கடைசி மூன்று துண்டுகளைப் பார்க்க வேண்டியிருக்கும்.) முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று கேட்காதீர்கள், திருடன் தளத்துக்கும் அது கிடைக்கும்.

இவ்வளவு ஆராய்ச்சிக்குப் பொறுமை இல்லையென்றால் இன்னும் சுலபமான வழி இருக்கிறது, உண்மையில் நான் சிபாரிசு செய்வதும் அதைத்தான்: லிங்க்கைத் தொடவே தொடாதீர்கள், வங்கியின் ஆப்பை நீங்களாகவே திறந்து பாருங்கள். நிஜமான தகவல் என்றால் அங்கேயும் இருக்கும்.

கேள்வி: தெரிந்தவரிடமிருந்து மெயிலோடு வந்த இணைப்பை (அட்டாச்மென்ட்டை) திறக்கலாம்தானே?

பதில்: 2000 மே மாதத்தில் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் தெரிந்தவர்கள் பெயரில்தான் வந்தது, ஒருவர் திறந்ததும் அவருடைய முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தானே போனது. அந்தக் கோப்பின் பெயர் 'டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று முடியும். 'விபிஎஸ்' என்றால் திறந்ததும் இயங்கும் நிரல், விண்டோஸ் அந்தக் கடைசித் துண்டை மறைத்துவிட்டதால் பார்த்தவர்களுக்கு அது வெறும் எழுத்துக் கோப்பு. அந்த மறைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது, செட்டிங்ஸில் மாற்றிக்கொள்ளுங்கள். எதிர்பாராத இணைப்பு வந்தால் அனுப்பியவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள், அந்த மெயிலுக்கே பதில் எழுதிக் கேட்காதீர்கள்.

கேள்வி: நான் ஏற்கெனவே லிங்க்கை அழுத்தி, மெயில் பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டேன். மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. மாற்றுங்கள், எல்லாச் சாதனங்களிலிருந்தும் லாக்அவுட் செய்யுங்கள், இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் குறியீடு போன்ற இன்னொரு அத்தாட்சியையும் கேட்கும் வசதி) இயக்குங்கள். அப்புறம் பலர் மறந்துவிடும் ஒரு வேலை: செட்டிங்ஸில் 'ஃபார்வர்டிங்', 'ஃபில்டர்' பகுதிகளைத் திறந்து பாருங்கள். உள்ளே வந்தவன் உங்கள் மெயில்கள் எல்லாம் தனக்கும் ஒரு நகல் வரும்படி அமைத்துவிட்டுப் போயிருக்கலாம், பாஸ்வேர்டை மாற்றினாலும் அது நிற்காது. பாஸ்வேர்ட் மறந்தால் கணக்கைத் திரும்பப் பெறக் கொடுத்திருக்கும் மீட்பு முகவரியும் போன் எண்ணும் உங்களுடையதுதானா என்றும் பாருங்கள். வங்கி விவரம் ஏதாவது கொடுத்திருந்தால், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் வங்கிக்குப் போன் செய்யுங்கள்.