மருத்துவர் எழுதிக் கொடுத்த கருத்தடை மாத்திரையைச் சாப்பிட்டால் கத்தோலிக்கருக்குப் பாவமா?

மாதவிடாய்க் கோளாறுக்கு மருத்துவர் கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், கத்தோலிக்கர் அதைச் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஒரு பெண் என்றும், மாத்திரையை வாங்கியாகிவிட்டது, வாயில் போடத்தான் மனம் வரவில்லை என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஏனென்றால் நானும் அப்படித்தான் இருந்தேன். பதினான்கு மாதம்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பாவம் இல்லை. இது என் சொந்தக் கருத்து என்று நினைத்துவிடாதீர்கள். திருத்தந்தை ஆறாம் பவுல் 1968 ஜூலையில் வெளியிட்ட 'ஹுமானே வீத்தே' சுற்றுமடல்தான் செயற்கைக் கருத்தடை கூடாது என்று உறுதியாகச் சொன்னது. அதே மடலின் 15ஆம் பத்தியைப் பாருங்கள். உடல்நோயைக் குணப்படுத்தத் தேவைப்படும் சிகிச்சையைத் திருச்சபை தவறாகக் கருதவில்லை, அதனால் கருத்தரிப்பு தடைபடும் என்று முன்பே தெரிந்திருந்தாலும்கூட, அந்தத் தடையே நேரடி நோக்கமாக இல்லாதவரை அது தவறில்லை என்பதுதான் அதன் சாரம். மாத்திரைக்கு என்ன பெயர் என்பது அங்கே பேச்சே இல்லை. எதற்காகச் சாப்பிடுகிறோம் என்பதுதான் கேள்வி.

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. திருமண ஆயத்த வகுப்பில் பேச வந்தவர் மாத்திரை, ஆணுறை, லூப் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அடுக்கி, "எல்லாம் சாவான பாவம்", அதாவது மிகக் கனமான பாவம் என்று முடித்துவிட்டார். நோய்க்காகச் சாப்பிடுவது வேறு என்று அவர் ஒரு வரி சேர்த்திருந்தால் போதும், என் பதினான்கு மாதம் எனக்கு மிஞ்சியிருக்கும்.

கல்யாணமாகி இரண்டாம் வருடம் எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று தெரிந்தது. கருப்பையின் உட்புறப் படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் அது. மாதத்தில் நான்கு நாள் சுருண்டு படுத்துக்கிடப்பேன். ரத்தப்போக்கு எட்டு, ஒன்பது நாள் நிற்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் நற்செய்தி வாசகத்துக்கு எழுந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்தது. முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியக்கூடாது என்று வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். அந்த வாரம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 7.4 இருந்தது.

மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டை துணி அலமாரியின் அடித்தட்டில் கிடந்தது. இருபத்தொரு மாத்திரை, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. அதை முழுங்கிவிட்டுப் பூசையில் நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கப் போக முடியாதே என்ற பயம். கணவரிடம் கேட்டால், "உன் உடம்பு, நீயே முடிவு பண்ணு" என்பார். மரியாதையாகத்தான் சொன்னார், இன்றும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதிலைக் கேட்ட ராத்திரிகளில் நான் தனியாகத்தான் இருந்தேன்.

கடைசியில் பாவசங்கீர்த்தனத்தில்தான் வாய் திறந்தேன். "கருத்தடை மாத்திரை சாப்பிட ஆசைப்பட்டேன் சாமி" என்று அதை ஒரு பாவமாகவே சொன்னேன். உள்ளே இருந்தவர் வயதான சாமியார், விடுமுறைக்கு வந்திருந்தவர். "எதுக்கும்மா?" என்று கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பூசை முடிந்ததும் காத்திருக்கச் சொன்னார். கையில் ஒரு பழைய புத்தகத்தோடு வந்து, பக்கத்தைப் புரட்டி, 15 என்ற எண்ணுக்குக் கீழே விரலை வைத்து, "நீயே வாசிம்மா" என்றார். நான் வாசித்து முடிக்கும்வரை விரலை எடுக்கவில்லை. பிறகு கேட்டார்: "இவ்வளவு நாளா ஒருத்தரும் சொல்லலையா?"

அன்று ராத்திரி முதல் மாத்திரையைப் போட்டேன். கருப்பையின் உட்படலம் தடிக்காமல் இருப்பதால் ரத்தப்போக்கு குறையும் என்று மருத்துவர் முன்பே விளக்கியிருந்தார். மூன்றாவது மாதத்தில் அது கண்ணுக்குத் தெரிந்தது. இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்து ஹீமோகுளோபின் 11ஐத் தொட்டது. ஒன்றரை வருடம் கழித்து நிறுத்தினோம், குழந்தையும் பிறந்தது. எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்லவில்லை. மாத்திரை இந்த நோயை வேரோடு எடுத்துவிடாது, வலியையும் போக்கையும் கட்டுக்குள் வைக்கும், அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு, "பாவத்துக்குக் குறுக்குவழி சொல்லித் தருகிறாய்" என்று யாராவது வருவார்கள். நான் இறையியல் படித்தவள் இல்லை. ஆனால் நோயைச் சாக்காக வைத்து ஏமாற்றுகிறவர் கடவுளுக்கு முன்னால் நின்று அதற்குப் பதில் சொல்லிக்கொள்ளட்டும். அவர் ஒருவருக்காக, உண்மையிலேயே ரத்தம் போய்க்கொண்டிருக்கிற பெண்ணிடம் 15ஆம் பத்தியை மறைப்பது எந்த விதத்தில் நியாயம்?

இன்னொரு பக்கத்திலிருந்து, "உங்கள் திருச்சபையே பழமைவாதம்" என்பவர்களும் வருவார்கள். அவர்களோடும் நான் சேர மாட்டேன். குழந்தைக்குப் பிறகு இடைவெளிக்காக நாங்கள் பில்லிங்ஸ் என்ற இயற்கை முறையைத்தான் கடைப்பிடித்தோம். தக்க காரணத்துக்காக வளமற்ற நாட்களைப் பயன்படுத்தலாம் என்று அதே மடலின் 16ஆம் பத்தி சொல்கிறது. கருமுட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது, விந்தணு ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும், கருப்பை வாய்த் திரவம் வழுவழுப்பாக மாறும் நாட்களைக் கவனித்துக் குறிப்பேட்டில் எழுதி, அந்த நாட்களில் தள்ளியிருக்க வேண்டும். என் உடம்பை நான் அறிந்துகொண்டதே அந்தக் குறிப்பேட்டால்தான். ஆனால் இருவரும் சேர்ந்து செய்தால்தான் அது முறை. பயிற்சிக்கு மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு வாசலில் கைபேசி பார்த்துக்கொண்டிருக்கும் கணவர்களைப் பார்த்திருக்கிறேன். சுழற்சி ஒழுங்கில்லாதவர்களுக்கும் பாலூட்டுகிறவர்களுக்கும் கணிப்பது இன்னும் கடினம். இதையும் வகுப்பில் சொல்ல வேண்டும்.

அப்புறம், எந்த இயற்கை முறையும் பால்வினை நோயைத் தடுக்காது. துணைக்கு எச்.ஐ.வி. இருந்தால் கேள்வியே வேறு. 2010இல் வெளிவந்த ஒரு நேர்காணல் நூலில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், தொற்றைத் தடுக்கும் எண்ணத்தோடு பாலியல் தொழிலில் இருப்பவர் ஆணுறை அணிவதை ஒழுக்கத்தை நோக்கிய முதல் அடியாகப் பார்க்கலாம் என்றார். கருத்தடை பற்றிய போதனை மாறவில்லை என்று வத்திக்கான் பிறகு விளக்கம் தந்தது. ஆனாலும் உயிரைக் காக்கும் எண்ணத்துக்கு அவர் மதிப்புக் கொடுத்தார் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். உங்கள் வீட்டில் அந்த நிலை என்றால் தயவுசெய்து பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு விஷயம் எனக்கு இன்னும் உறுத்துகிறது. கருத்தடைக் கேள்வியை ஆராயத் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1963இல் ஒரு குழு அமைத்தார். பிறகு அது விரிவாக்கப்பட்டபோது திருமணமான பெண்களும் அதில் இருந்தார்கள். அமெரிக்காவிலிருந்து போன கிரௌலி தம்பதியர், நாள் கணக்குப் பார்த்து வாழ்ந்த குடும்பங்களின் அனுபவங்களைத் திரட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். 1966இல் குழுவின் பெரும்பான்மை போதனையில் மாற்றம் வேண்டும் என்றது, ஆறாம் பவுல் அதை ஏற்கவில்லை. அவர் முடிவுக்கு நான் கீழ்ப்படிகிறேன். ஆனால் அன்று ரோமில் பெண்களை உட்காரவைத்துக் கேட்டார்கள். எங்கள் பங்கில் யார் கேட்கிறார்கள்? பீடத்துக்குப் பூ வைப்பதும் கோவிலைக் கூட்டுவதும் நாங்கள். கோபுரத்துக்கு மூன்று முறை வண்ணம் அடித்துவிட்டார்கள், பெண்கள் கழிப்பறை இன்னும் பூட்டியே கிடக்கிறது, சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒன்பது நாள் ரத்தப்போக்கோடு பூசைக்கு வந்தவள் சொல்கிறேன், அந்தப் பூட்டு எனக்கு மறக்கவே இல்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், மன்னியுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவரிடம் திரும்பப் போய், இது எந்த நோய்க்கு, எத்தனை மாதத்துக்கு என்று கேளுங்கள். ரத்தம் உறைந்து கட்டிய வரலாறு, கண்முன் ஒளி மின்னும் ஒற்றைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், முப்பத்தைந்து வயதுக்கு மேல் புகைப்பழக்கம் இதில் ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், வேறு மருந்து தருவார். பங்குத்தந்தையிடம் பேச வேண்டும் என்றால் 15ஆம் பத்தியைக் கையோடு கொண்டுபோங்கள். வத்திக்கான் இணையதளத்தில் முழு மடலும் இருக்கிறது. மணிக்கு ஒரு நாப்கின் நனைகிற அளவுக்குத் தொடர்ந்து போனால் இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.