மாஸ்டர் நல்லவர்தான், ஆனாலும்: கோடைக் கலை முகாம் கேள்வி பதில்

ஏப்ரல் கடைசியில் பள்ளி மூடியதும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி பக்கம் பரதம், நாடகம், பாட்டு, பறை என்று முகாம்கள் முளைத்துவிடும். நாடகப் பயிற்சி தருகிறவள், சில முகாம்களுக்குப் பிள்ளைகள் பாதுகாப்பு விதிகள் எழுதிக் கொடுத்தவள் என்பதால், பாலியல் தொல்லையிலிருந்து பிள்ளைகளைக் காப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு என்னைப் பதில் சொல்லச் சொன்னார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

குன்னூரிலிருந்து ஓர் அம்மா: அக்கா, ஏழு வயது மகளைச் சேர்க்கப் போகிறேன். என்னென்ன விசாரிக்க வேண்டும்? நிறைய கேட்டால் மாஸ்டரைச் சந்தேகப்படுவது போல ஆகிவிடுமே?

மாஸ்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இடத்தையும் நேரத்தையும் பற்றிக் கேளுங்கள், யார் மனமும் நோகாது. உடை மாற்றும் அறை எங்கே, அங்கே யார் நிற்பார்கள்? கழிப்பறை உள்ளேயா, கட்டடத்தைச் சுற்றிப் போக வேண்டுமா? கடைசிப் பிள்ளை கிளம்பும்வரை எத்தனை பெரியவர்கள் இருப்பார்கள்? புகார் என்றால் யாரிடம் சொல்வது, அவர் மேலேயே புகார் என்றால் யாரிடம்? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலானோர் முழிப்பார்கள். முழித்துவிட்டு, "நல்ல கேள்வி, ஏற்பாடு செய்கிறோம்" என்றால் சேர்க்கலாம். "எங்க இடத்துல அப்படியெல்லாம் நடக்காதும்மா" என்று சிரித்தால் வேறு இடம் பாருங்கள்.

கோத்தகிரி, முகாம் நடத்துபவர்: பத்து நாள் முகாமுக்கெல்லாம் போலீஸ் வெரிஃபிகேஷன் தேவையா மேடம்?

தேவை. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் சட்டம்தான் போக்சோ. அதன் 2020ஆம் ஆண்டு விதிகள் பள்ளிகளோடு நிற்கவில்லை. பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும் நிரந்தரப் பணியாளர், ஒப்பந்தப் பணியாளர் என்ற வேறுபாடு பார்க்காமல் எல்லோரையும் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. மேளம் வாசிக்க வருபவர், சமையல்காரர், ஜீப் ஓட்டுநர், எல்லோரும் இதில் வருவார்கள். தமிழ்நாடு காவல் துறையின் இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம். சீசன் நெருக்கத்தில் போகாமல் முன்கூட்டியே போடுங்கள்.

ஆனால் வழக்குப் பதிவானால்தான் அந்தச் சான்றில் தெரியும். அதனால் வேலைக்கு வருபவர் முன்பு வேலை பார்த்த இரண்டு இடங்களுக்குப் போன் போட்டு, "மறுபடி பிள்ளைகளோடு வேலைக்கு எடுப்பீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். வெளிப்படையாகக் குறை சொல்லத் தயங்குகிறவர்கள்கூட இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் இழுப்பார்கள். அந்த இழுப்பைக் கவனியுங்கள்.

கொடைக்கானல், பரத ஆசிரியை: முழங்காலை வெளியே மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டியைத் தொடாமல் எப்படித் திருத்துவது? இப்படியே போனால் கலை என்ன ஆகும்?

தொடவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முதலில் உங்கள் உடம்பில் செய்து காட்டுங்கள், பிறகு கண்ணாடி முன் நிறுத்துங்கள். பெரும்பாலான திருத்தம் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால், எல்லோர் முன்னாலும், "முழங்காலைப் பிடித்து வெளியே திருப்பட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். எங்கே, எதற்கு என்று சொல்லிவிட்டுத் தொட்டால் பிள்ளைக்கும் எது பாடம், எது பாடம் இல்லை என்று பிடிபடும். நாளை வேறொருவர் காரணம் சொல்லாமல் கை வைத்தால் அவளுக்கு உறைக்கும்.

கேட்பதைவிடக் கஷ்டமானது ஒன்று இருக்கிறது. "வேண்டாம் மிஸ்" என்ற பிள்ளையை மறுநாள் பின்வரிசைக்குத் தள்ளக் கூடாது, விழாவில் வேஷத்தைக் குறைக்கக் கூடாது. குரு சொன்னால் மறுபேச்சு கூடாது என்று நாமே வளர்த்துவிட்ட பழக்கம், தவறான ஆளுக்குத்தான் நன்றாகப் பயன்படுகிறது. எனக்கும் குருபக்தி உண்டு. அதற்காகப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் உடம்பை எழுதிக் கொடுத்துவிடவில்லை.

தனி வகுப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். குளிரும் மஞ்சும் வந்ததும் உங்கள் ஊரில் கதவைச் சாத்திவிடுவீர்கள், அது புரிகிறது. கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் போட்டுவிடுங்கள். ஒரு தச்சர் அரைநாளில் முடித்துவிடுவார்.

கல்லூரி மாணவர், தன்னார்வலர்: முகாம் பிள்ளைகள் இன்ஸ்டாகிராமில் ரிக்வெஸ்ட் அனுப்புகிறார்கள். மறுத்தால் வருத்தப்படுவார்களே?

வருத்தப்படட்டும், தம்பி. பெற்றோரும் உள்ள வாட்ஸப் குழுவில் மட்டும் பேசுங்கள். இது உங்களுக்கும் பாதுகாப்பு.

ஊட்டியிலிருந்து: சீசனில் ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுகிறார்கள். கூட்டிப் போக ஒரு மணி நேரம் தாமதமாகிறது. மாஸ்டரே பைக்கில் விட்டுவிடுகிறேன் என்கிறார். இருட்டினால் காட்டெருமை, கரடி பயம் வேறு.

மலையில் இதுதான் நிஜமான சிக்கல். நடந்து வரச் சொல்ல முடியாது, அதனால் யாராவது உதவுவதாகச் சொன்னால் மறுக்கவும் வராது. முகாம் ஐந்து மணிக்கு முடிந்தால் ஆறரை வரை இரண்டு பெரியவர்கள் காத்திருப்பார்கள் என்று கட்டணத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். யார் அழைத்துப் போகலாம் என்று எழுதிக் கொடுங்கள். புது ஆள் வந்தால் உங்களுக்குப் போன் வராமல் பிள்ளையை அனுப்பக் கூடாது. இரண்டு மூன்று வீட்டுப் பிள்ளைகள் ஒரே ஆட்டோவில் வருவதும் நல்லது. மாஸ்டர் எவ்வளவு தங்கமானவரானாலும் தனியாகப் பைக் பயணம் வேண்டாம்.

ஒரு தந்தை: எனக்குப் பையன். இவ்வளவு யோசிக்க வேண்டுமா?

வேண்டும். 2007இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட ஆய்வில், பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்ன பிள்ளைகளில் 52.94 சதவீதம் பேர் ஆண்பிள்ளைகள். போக்சோவும் 18 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் பொது.

ஓர் உதவி ஆசிரியை: ஒரு பிள்ளை என்னிடம் ஒன்று சொன்னாள். பொறுப்பாளரிடம் போனேன். "விழா முடியட்டும், நாமே விசாரித்துவிட்டுப் பார்ப்போம்" என்கிறார்.

காத்திருக்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, குற்றம் நடந்ததாகத் தெரிந்த எவரும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை செய்பவர் மேல் வந்த புகாரை மறைக்கும் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. இந்த வரியை உங்கள் பொறுப்பாளருக்குப் படித்துக் காட்டலாம். விசாரிப்பது அவர் வேலை இல்லை. அவர் விசாரித்தால் பிள்ளை ஒரே கதையைப் பத்துப் பேரிடம் சொல்ல நேரும், அந்த ஆளும் உஷாராகிவிடுவார்.

குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள், அவசரம் என்றால் 112. அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு நேரில் போனாலும் சரி. நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது. பிள்ளையைச் சீருடைப் போலீஸ் சூழ்ந்துகொள்ளும் என்று பயப்பட வேண்டாம்: வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை இல்லாமல், கூடியவரை பெண் அதிகாரிதான் வாக்குமூலம் வாங்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் காவல் துறை தெரிவிக்க வேண்டும்.

அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "சொன்னது நல்லது, தப்பு உன் மேல் இல்லை, உதவக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்றால் போதும். இன்னொன்று: புகாரை மூடிவிட்டு அந்த ஆளை மட்டும் சத்தமில்லாமல் அனுப்பிவிட்டால், அடுத்த மே மாதம் அவர் வேறொரு முகாமில் இருப்பார்.

விழாப் புகைப்படங்கள் போடலாமா?

பெற்றோர் எழுத்தில் சம்மதித்தால் போடலாம், பிள்ளையின் பெயரும் பள்ளியும் இல்லாமல். ஒப்பனை அறைக்குள் யாருடைய போனும் வேண்டாம், ஆர்வக்கோளாறு அப்பாக்களின் போன் உட்பட.

எஸ்டேட்டிலிருந்து ஒரு பாட்டி: ஏம்மா, பேத்தி முதல் நாள் ஆசையாகப் போனாள், இப்போது போகமாட்டேன் என்கிறாள். அடம் பிடிக்கிறாளா, வேறு எதாவதா?

குறுக்கு விசாரணை வேண்டாம் பாட்டி. காய் நறுக்கும்போது, "அங்கே எது பிடிச்சுது, எது பிடிக்கலை?" என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். குளிராக இருக்கலாம், உடை அரிக்கலாம், கழிப்பறை தூரத்தில் இருட்டாக இருக்கலாம். அதுவும் முகாம்காரர்கள் சரிசெய்ய வேண்டியதுதான். ஓர் ஆள் பெயரைச் சொல்லும்போது மட்டும் பேச்சை நிறுத்துகிறாள் என்றால், மேலே அந்த ஆசிரியைக்குச் சொன்னதை யாரையாவது படித்துக் காட்டச் சொல்லுங்கள். எதுவும் பிடிபடவில்லை என்றாலும் கட்டாயப்படுத்தி அனுப்ப வேண்டாம். மீதிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.