ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது? – கேள்வி பதில்

கேள்வி: பழைய நிக்கான் டி7000 ஒன்றை விலை பேசி வருகிறேன். குறைவாகவே பயன்படுத்தியதாகச் சொல்லும் விற்பனையாளர், அதற்குச் சான்றாக 0412 என்று முடியும் கோப்புப் பெயரைக் காட்டுகிறார். நம்பலாமா?

பதில்: கோப்புப் பெயரை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். அந்த எண் 9999-ஐத் தொட்டதும் மறுபடியும் 0001-க்குத் திரும்பிவிடும் என்பதால், அது 412-ஆவது படமாகவும் இருக்கலாம், 10,411-ஆவதாகவும் இருக்கலாம், 30,409-ஆவதாகவும் இருக்கலாம். போதாததற்கு, மெனுவிலேயே அந்த வரிசையைப் புதிதாகத் தொடங்கிவிடவும் முடியும்.

உண்மையான கணக்கு படத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு படத்துடனும் பதிவாகும் எக்ஸிஃப் தகவலில், தயாரிப்பாளர் தனக்கென ஒதுக்கிக்கொண்ட பகுதியில், நிக்கான் ஷட்டர் எண்ணிக்கையையும், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரைகள் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கின்றன என்பதையும், எழுதி வைக்கிறது. கணினியில் படத்தின் விவரங்களைச் சாதாரணமாகத் திறந்தால் அது கண்ணில் படாது. ஃபில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் திறந்தால் 'ஷட்டர் கவுன்ட்' என்று ஒரு வரி வரும். இன்றே ஒரு படம் எடுத்து, எந்தத் திருத்தமும் செய்யாமல், மெமரி கார்டில் உள்ளபடியே அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ஆவணமாக அனுப்ப வேண்டும். படமாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு இந்தத் தகவல் உதிர்ந்துவிடும். அதே கோப்பில் கேமராவின் வரிசை எண்ணும் இருக்கும். நேரில் போகும்போது அதைக் கேமராவின் அடிப்பக்கத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறொரு கேமராவில் எடுத்த படத்தை அனுப்பியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: கேனன் கேமராவில் எடுத்த படத்தை எக்ஸிஃப்டூலில் திறந்தேன். அப்படி ஒரு வரியே இல்லையே?

பதில்: உங்கள் மீது தவறில்லை. பெரும்பாலான கேனன் கேமராக்கள் இந்த எண்ணிக்கையைப் படத்தில் எழுதுவதே இல்லை. கேமராவை யூஎஸ்பி கேபிளால் கணினியுடன் இணைத்து, அதற்கென உள்ள மென்பொருள் வழியாகக் கேமராவிடமே கேட்டறிய வேண்டும். அதற்கும் எல்லா மாடல்களும் பதில் தருவதில்லை. இஓஎஸ் 1டி எக்ஸ் போன்ற உயர்ரகக் கேமராக்களில் மட்டும் மெனுவிலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆகவே கேனன் வாங்குபவர் மடிக்கணினியையும் கேபிளையும் எடுத்துக்கொண்டு நேரில் செல்வதே சரி.

கேள்வி: சோனி, பென்டாக்ஸ், ஒலிம்பஸ்?

பதில்: சோனியின் பல மாடல்களுக்கும் பென்டாக்ஸுக்கும் எக்ஸிஃப்டூல் போதும். ஒலிம்பஸில், சில பொத்தான்களைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினால் பழுதுபார்ப்போருக்கான மறைவுத் திரை ஒன்று திறந்து எண்ணிக்கையைக் காட்டும். பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அங்கே வேறெதையும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: 1,50,000 முறை தாங்கும் என்று சொல்லப்படும் கேமரா 1,40,000-ஐத் தொட்டுவிட்டது. இன்னும் 10,000 படங்கள்தானா?

பதில்: அந்த எண் காலாவதி தேதி அல்ல. டி7000-க்கும் கேனன் 5டி மார்க் 3-க்கும் 1,50,000, நிக்கான் டி810-க்கு 2,00,000, 1டி எக்ஸுக்கு 4,00,000 என்பவை தயாரிப்பாளர்கள் சோதித்துச் சொன்ன அளவுகள். அதைத் தாண்டியும் உழைக்கும் ஷட்டர்கள் உண்டு, பாதி வழியில் நின்றுவிடுபவையும் உண்டு. எண்ணைவிட ஷட்டரின் நடத்தையையே நான் நம்புவேன்.

பகல் வெளிச்சம் சீராக விழும் வெள்ளைச் சுவர் ஒன்றை, ஃபோகஸைக் கலைத்துவிட்டு, 1/250 நொடியில் தொடங்கி அந்தக் கேமராவின் உச்ச வேகம் வரை ஒவ்வொரு வேகத்திலும் பத்துப் படங்களாவது எடுங்கள். வேகம் கூடும்போது ஐஎஸ்ஓவையும் (சென்சாரின் ஒளியுணர்வு அளவு) கூட்டி வெளிச்சத்தை ஒரே அளவில் வைத்துக்கொள்ளுங்கள். உயர்வேகப் படங்களில் மட்டும் மேலேயோ கீழேயோ ஒரு பக்கம் இருண்டு வந்தால், ஷட்டரின் முன்திரையும் பின்திரையும் ஒன்றுக்கொன்று ஈடுகொடுத்து ஓடவில்லை என்று பொருள். விளக்கொளியில் இதைச் செய்யாதீர்கள். விளக்கின் துடிப்பே பட்டை பட்டையாக விழுந்து, நல்ல ஷட்டர் மீது வீண்பழி வரும்.

கேள்வி: மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிப்புக் கண்ணாடி இல்லாத) கேமராவில் ஓசையில்லாமல் எடுக்கும் படங்களும் கணக்கில் சேருமா?

பதில்: மின்னணு ஷட்டரில் திரைகள் அசைவதில்லை, ஆகவே தேய்மானமும் இல்லை. ஆனால் பதிவாகும் எண்ணில் அவையும் சேர்ந்திருக்கக்கூடும். நிக்கான் இசட் வரிசையில் பல மாடல்களின் கோப்புகளில் இயந்திர ஷட்டரின் கணக்கு தனியாகவே கிடைக்கிறது, அதையே பாருங்கள். 2021-இல் வந்த இசட்9-இல் இயந்திர ஷட்டரே கிடையாது என்பதால் இந்தக் கேள்விக்கே அங்கு இடமில்லை. வீடியோ விஷயம் இதற்கு நேர்மாறு: மணிக்கணக்கில் பதிவு செய்து சென்சாரைச் சூடேற்றிய கேமராவிலும் ஷட்டர் எண்ணிக்கை சொற்பமாகவே இருக்கும்.

கேள்வி: ஷட்டரை மாற்றியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மாற்றும்போது எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருபவர்களும் உண்டு, பழையபடியே விட்டுவிடுபவர்களும் உண்டு. ஆகவே பழுதுபார்த்த ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் உடலைப் பாருங்கள். ஃப்ளாஷ் பொருத்தும் இடத்தில் வண்ணம் உரிந்து உலோகம் பளிச்சிட, பிடிப்பு ரப்பர் வழவழத்துப்போயிருக்க, எண் மட்டும் 3,000 என்று காட்டினால், ஷட்டர்தான் புதிது, கேமரா பழையது.