இன்ஜினிலிருந்து கியர் பாக்ஸைப் பிரிப்பது: கேள்வி பதில்

வீட்டிலேயே கியர் பாக்ஸை இறக்க நினைப்பவர்கள் கேட்டவை இவை. தனியாகக் குறிப்பிடாத இடங்களில், முன்சக்கரங்கள் இழுக்கும் மேனுவல் கார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காரோடு வந்த ஜாக்கியும் ஒரு ஸ்பேனர் செட்டும் போதுமா சார்?

போதாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கிய காரைத் தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும், அதற்குக் கெட்டியான சமதளத் தரை வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் தலையைக் கொடுக்காதீர்கள். சிறிய காரின் மேனுவல் கியர் பாக்ஸே 30 முதல் 50 கிலோ வரை இருக்கும். அதை இறக்கத் தனியாக ஒரு டிராலி ஜாக்கி, இன்ஜினைத் தாங்க இன்னொரு ஏற்பாடு, கூடவே ஓர் ஆள், இவ்வளவும் தேவை.

பலர் கோட்டைவிடுவது உயரத்தில். கியர் பாக்ஸ் ஜாக்கியில் இறங்கி உட்கார்ந்த பிறகு, பம்பருக்கு அடியில் அதை வெளியே இழுக்க இடம் இருக்காது. பெல் ஹவுசிங்கின் (இன்ஜினோடு சேரும் மணி வடிவக் கூடு) உயரத்தையும் முழுதாக இறக்கிய ஜாக்கியின் உயரத்தையும் கூட்டி, அதற்கு மேல் ஒரு சாண் விட்டுக் காரை ஏற்றுங்கள்.

கியர் பாக்ஸ் மவுண்டிங்கைக் கழற்றினால் இன்ஜின் சாய்ந்துவிடாதா?

சாயும். ஃபெண்டர்களின் மேல் குறுக்கே வைக்கும் சப்போர்ட் பாரில், இன்ஜினின் தூக்கு வளையத்தைச் சங்கிலியால் கட்டுவதுதான் சிறந்த வழி. அது இல்லாவிட்டால் சம்ப்புக்கு (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடியில் அகலமான மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுக்கலாம். கட்டை சம்ப்பின் ஓரங்களில் படும்படி இருக்கட்டும். நடுவில் அழுத்தினால் தகடு சம்ப் உள்ளே குழிந்து, ஆயில் உறிஞ்சும் குழாயின் வாயை அடைக்கும். அலுமினியச் சம்ப் என்றால் விரிசல் விடும்.

சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட் கியர் பாக்ஸிலிருந்து வெளியே வர மறுக்கிறது. இழுத்துப் பார்க்கலாமா?

ஷாஃப்ட்டைப் பிடித்து இழுக்காதீர்கள். உள்பக்க ஜாயின்ட் அதன் ரப்பர் உறைக்குள்ளேயே கழன்றுவிடும். ஜாயின்ட்டின் கூட்டுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் நெம்புகோலை வைத்து ஒரே தட்டில் நெம்பினால், முனையைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் என்ற கம்பி வளையம் விட்டுக்கொடுக்கும். நெம்புகோல் ஆயில் சீலில் படக்கூடாது. ஷாஃப்ட்டின் வெளிமுனையிலுள்ள வீல் ஹப் நட்டு பல கார்களில் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கப்பட்டிருக்கும். சக்கரம் தரையில் இருக்கும்போதே அதைத் தளர்த்திவிடுங்கள்.

கியர் ஆயிலை வடிக்கும் முன் ஊற்றும் மூடி திறக்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது திறக்காவிட்டால் மறுபடி ஊற்ற வழியில்லை.

எல்லா போல்ட்டும் கழற்றியாச்சு. கியர் பாக்ஸ் அசையவே மாட்டேங்குது. ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பட்டுமா?

வேண்டாம். முதலில் சந்தேகப்பட வேண்டியது மீந்திருக்கும் போல்ட்டைத்தான். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னால் ஒன்று ஒளிந்திருக்கும், சம்ப் ஓரத்தில் ஒன்று, இன்ஜின் பக்கத்திலிருந்து தலைகீழாக வரும் ஒன்று. கழற்றும்போதே ஓர் அட்டையில் பெல் ஹவுசிங்கின் வட்டத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். காலியான துளை உங்களுக்குக் கணக்குச் சொல்லும். போல்ட்டுகளின் நீளம் வேறுபடுவதால் மாட்டும்போதும் குழப்பம் வராது.

ஒன்றும் மீதியில்லை என்றால், பிடித்துக்கொண்டிருப்பவை டவல் பின்கள். இரண்டு பாகங்களையும் நேர்க்கோட்டில் நிறுத்தும் இந்த உருளைகள் துருவேறி இறுகியிருக்கும். துரு இளக்கும் எண்ணெயை அடித்து, ஊற நேரம் கொடுங்கள். பிறகு பெல் ஹவுசிங்கின் தடித்த விளிம்பில் ரப்பர் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். நெம்பத்தான் வேண்டும் என்றால் அதற்கென்று விட்டிருக்கும் பள்ளத்தில், இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக நெம்புங்கள். பொருந்தும் முகத்தில் ஸ்க்ரூ டிரைவரைச் செருகினால் அலுமினியம் கீறிப் பிசிர் எழும். அப்புறம் அந்த முகம் சரியாகப் படியாது.

இடைவெளி விழுந்ததும் அவசரப்படாதீர்கள். கியர் பாக்ஸின் முன்னால் நீட்டியிருக்கும் இன்புட் ஷாஃப்ட் கிளட்ச் பிளேட்டை விட்டு முழுதாக வெளியே வரும்வரை கியர் பாக்ஸ் இன்ஜினுக்கு நேராகவே பின்வாங்க வேண்டும். பாதியில் கீழே தொங்கவிட்டால் மொத்தப் பாரமும் ஷாஃப்ட் வழியாகக் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதியில் விழுந்து பிளேட் கோணிவிடும். புதிய பிளேட் போட்டும் கிளட்ச் ஒழுங்காக விடாமல் கியர் உரசுவதற்கு, மாட்டும்போது இப்படித் தொங்கவிட்டதும் ஒரு காரணம்.

என்னுடையது ஆட்டோமேட்டிக். என்ன வித்தியாசம்?

டார்க் கன்வெர்ட்டரை (கிளட்ச்சுக்குப் பதிலாக இருப்பது) ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு (இன்ஜின் பக்கத்துத் தகடு) இணைக்கும் போல்ட்டுகளை முதலில் கழற்ற வேண்டும். ஸ்டார்ட்டர் துளை அல்லது அடிமூடி வழியாக ஒவ்வொன்றாகத்தான் தெரியும். கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, இன்ஜின் சுழலும் திசையிலேயே திருப்பி அடுத்ததைக் கொண்டுவாருங்கள். பிரிந்ததும் கன்வெர்ட்டரைக் கியர் பாக்ஸ் பக்கம் தள்ளி, நழுவாமல் கம்பியோ பட்டையோ கட்டுங்கள்.

மாட்டும்போது கன்வெர்ட்டரைச் சுழற்றிக்கொண்டே உள்ளே தள்ளினால் படிப்படியாக இறங்கி உட்காரும். முழுதாக உட்காராமல் பெல் ஹவுசிங் போல்ட்டுகளை இறுக்கினால் உள்ளேயிருக்கும் ஆயில் பம்ப் உடையும். பெல் ஹவுசிங் முழுதாகச் சேர்ந்த பிறகும் கன்வெர்ட்டர் கையால் சுற்ற வேண்டும், ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும்.

கியர் பாக்ஸ் கீழே இருக்கும்போது கிளட்ச் பெடலை மிதித்தால்?

ஹைட்ராலிக் கிளட்ச் என்றால், பெடலின் அழுத்தத்தைக் கிளட்ச்சுக்குக் கடத்தும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே தெறித்துவிடும். பெடலில் ஒரு துணியைக் கட்டி வையுங்கள்.

திருப்பி மாட்டும்போது ஒரு விரல் இடைவெளி மூட மறுக்கிறது. போல்ட்டை இறுக்கி இழுத்துவிடலாமா அண்ணா?

கூடாது. அப்படி இழுத்தால் பெல் ஹவுசிங்கின் காது உடையும். கிளட்ச் பிளேட் நடுவில் இல்லாததுதான் வழக்கமான காரணம். கியர் பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைத் தளர்த்தி, அலைன்மென்ட் கருவியால் நடுவில் நிறுத்துங்கள். பிளேட் நடுவில்தான் இருக்கிறது என்றால் இன்புட் ஷாஃப்ட்டிலும் பிளேட்டிலும் உள்ள ஸ்ப்ளைன் பற்கள் முட்டுகின்றன. கியரில் போட்டு அவுட்புட் பக்கத்தை மெல்லத் திருப்பினால் சேரும். ஜாக்கியின் கோணத்தையும் பாருங்கள், சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஸ்ப்ளைனில் மெல்லிய பூச்சு கிரீஸ் போதும். அதிகமானால் தெறித்துக் கிளட்ச் வழுக்கும்.

இறக்கியதோடு எதையெல்லாம் மாற்றிவிடலாம்?

பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கை யோசிக்காமல் மாற்றுங்கள். கிராங்கின் பின்பக்க ஆயில் சீலில் ஈரம் இருந்தால் அதையும், டிரைவ் ஷாஃப்ட் சீல்களையும். ஃப்ளைவீலைக் கழற்றினால் அதன் போல்ட்டுகள் ஒருமுறை மட்டுமே பயன்படும் வகையா என்று சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். ஆயிலும் மேனுவல் சொல்லும் தரத்தில்தான். ஜிஎல்-4 தர ஆயில் கேட்கும் கியர் பாக்ஸில் ஜிஎல்-5 ஊற்றினால், அதிலுள்ள கூடுதல் கந்தகச் சேர்மங்கள் கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சிங்க்ரோ வளையங்களை அரிக்கக்கூடும்.