ஹாப்கின்ஸில் ஒரு மனை

அன்புள்ள ஐயா,

மத்திய அமெரிக்க நாடான பெலீஸ் பற்றி நீங்கள் எழுதிய பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டு, போன பிப்ரவரியில் நானும் மனைவியும் அங்குள்ள ஹாப்கின்ஸ் என்ற கடலோரக் கிராமத்துக்குப் போய் வந்தோம். கூட்டமில்லாத அந்தக் கடற்கரை எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இன்னும் இரண்டு ஆண்டில் எனக்கு ஓய்வு. ஊருக்குத் தெற்கே கடலைப் பார்த்த மனை ஒன்றைக் காட்டினார்கள். தவணையில் கட்டலாம், முன்பணத்தை இந்த மாதமே கொடுத்தால் விலை குறையும் என்கிறார்கள். மனைவியோ ஒரு வருஷம் வாடகைக்கு இருந்து பார்ப்போம் என்கிறாள். அங்கே வெளிநாட்டவர் பெயரில் நிலம் செல்லுமா? வாங்கலாமா?

ஒரு வாசகர், ஹூஸ்டன்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. இத்தோடு முடித்துக்கொள்ளலாம், ஆனால் நீங்கள் சட்டமும் கேட்டிருக்கிறீர்கள்.

செல்லும். பக்கத்து மெக்ஸிகோவில் கடற்கரையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் வெளிநாட்டவர் வீட்டு நிலத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ள முடியாது, ஒரு வங்கியின் பொறுப்பில்தான் வைக்க வேண்டும். பெலீஸில் அந்தத் தொல்லை இல்லை. பழைய பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் அது. ஆட்சிமொழி ஆங்கிலம், ஆகவே பத்திரத்தை நீங்களே உட்கார்ந்து வாசிக்கலாம். 1978 முதல் இரண்டு பெலீஸ் டாலருக்கு ஒரு அமெரிக்க டாலர், மாறவே இல்லை. முத்திரைத் தீர்வை வெளிநாட்டவருக்கு 8 சதவீதம். நிலம் வாங்கினால் வசிப்புரிமை தானாக வந்துவிடாது. ஓய்வுபெற்றவர்களுக்கு வெளியிலிருந்து மாதம் 2000 அமெரிக்க டாலர் வருமானம் கேட்கும் திட்டம் ஒன்று தனியாக இருக்கிறது.

வாங்குவது இத்தனை சுலபமாக இருப்பதுதான் எனக்குப் பயம். ஹாப்கின்ஸுக்குத் தெற்கே சிட்டி ஆற்றுப் பக்கம் பெரிய மனைத் திட்டம் ஒன்று அமெரிக்கர்களுக்கு ஆண்டுக்கணக்கில் விற்கப்பட்டது. படகுத்துறை வரும், மருத்துவமனை வரும், எல்லாம் சில ஆண்டுகளில் முடியும், எப்போது வேண்டுமானாலும் நல்ல விலைக்கு விற்றுவிடலாம் என்றார்கள். 2018இல் அமெரிக்காவின் கூட்டரசு வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. மக்கள் இழந்தது 10 கோடி டாலருக்கு மேல் என்றது. 2020இல் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. உங்களிடம் மனை காட்டியவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தவணைத் திட்டத்தில் பொதுவாகக் கடைசித் தவணை கட்டும்வரை நிலம் விற்பவர் பெயரில்தான் இருக்கும். அதற்குள் அவர் கடனில் மூழ்கினால் உங்கள் கையில் ரசீதுகள் மட்டும்தான். இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: அந்த வரிசையில் முன்பு வாங்கியவர்களில் எத்தனை பேர் திரும்ப விற்றிருக்கிறார்கள், யாரிடம்?

நம்மூரில் வில்லங்கம் பார்க்காமல் அரை கிரவுண்டு வாங்குவோமா? அங்கே உரிமைப் பத்திரத்திலேயே மூன்று வகை உண்டு. பழைய கிரயப் பத்திரம், உரிமைச் சான்று, பிறகு வந்த நிலச் சான்று. எது உங்கள் மனைக்கு உரியது என்று நீங்களாகத் தேடிப்பிடித்த வக்கீல் சொல்ல வேண்டும், அவர்கள் கூட்டி வரும் வக்கீல் அல்ல. அளவையரையும் வரச்சொல்லுங்கள். கடலோரத்தில் 66 அடி பொதுநிலமாக ஒதுக்கப்பட்டது. பழைய அளவைச் சங்கிலி ஒன்றின் நீளம் அது. கிரிக்கெட் ஆடுகளத்தின் 22 கஜமும் அதேதான். காலனிக்காரன் எங்கே போனாலும் அந்த ஒரு சங்கிலியோடுதான் போயிருக்கிறான். உங்கள் 'கடலோர மனை' அந்த ஆடுகளத்துக்கு அப்பால்தான் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

நீங்கள் போனது பிப்ரவரி. அது வறண்ட காலம். நானும் ஒரு மார்ச்சில் மனை பார்த்தேன். காய்ந்த மண், சுற்றிலும் தென்னை, மனம் அங்கேயே தங்கிவிட்டது. அக்டோபரில் திரும்பப் போனபோது அதே இடத்தில் முழங்கால் அளவு தண்ணீர், நண்டுகள் குடும்பத்தோடு இருந்தன. ஹாப்கின்ஸுக்கு முன்னால் கடல், பின்னால் சதுப்பும் அலையாத்திக் காடும். 'மண் அடித்து மேடாக்கிவிடலாம்' என்பார்கள். அலையாத்தியை வெட்ட வனத்துறை அனுமதி வேண்டும், அப்புறம் அந்தத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத்தான் போகும்.

அந்த ஊரே ஒரு புயலால் வந்தது. வடக்கே நியூடவுன் என்ற, கரீஃபுனா மக்களின் (ஆப்பிரிக்கரும் கரீபியப் பழங்குடியினரும் கலந்த இனம்) கிராமத்தை 1941 புயல் அழித்தபின் மக்கள் இங்கே வந்து குடியேறினார்கள். கடலில் மூழ்கி இறந்த ஒரு பிஷப்பின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். 1961இல் ஹாட்டி புயல் இதையும் தரைமட்டமாக்கியது. அதற்குப் பிறகு அரசாங்கம் தலைநகரையே கடலைவிட்டு உள்ளே பெல்மோபானுக்குக் கொண்டுபோய்விட்டது. நாம் கடலைப் பார்த்து வீடு தேடுகிறோம்.

இந்தக் கரீஃபுனா மக்களை 1797இல் செயின்ட் வின்சென்ட் தீவிலிருந்து ஆங்கிலேயர் கப்பலேற்றி இன்றைய ஹோண்டுராஸ் நாட்டுப் பக்கம் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து பெலீஸ் வந்தவர்களை நினைத்துத்தான் இன்றும் நவம்பர் 19 விழா. நம்மைப் போன்றவர்கள் டாலர் கொடுத்து வாங்க வாங்க, அவர்களின் பிள்ளைகளுக்குக் கடற்கரையில் மனை எட்டாத விலையாகிறது. அதற்காக வாங்காதீர்கள் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை, நானும் பார்த்தவன்தானே. வேலி போட்ட குடியிருப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு 'அமைதியான ஊர்' என்று சொல்வது மட்டும் எனக்கு உறுத்துகிறது.

ஆகவே வாடகைக்குப் போங்கள், ஊருக்குள்ளேயே வீடு எடுங்கள், செப்டம்பர் முதல் நவம்பர் வரை கட்டாயம் இருங்கள். பெரிய உடம்புத் தொல்லை என்றால் முதலில் பக்கத்து நகரமான டங்ரீகாவின் மருத்துவமனை, அதற்கு மேல் என்றால் பெலீஸ் சிட்டி. அந்தப் பாதையில் ஒருமுறை ராத்திரியில் கார் ஓட்டிப் பாருங்கள். கடற்பாசி ஒதுங்கி அழுகும் வாரங்களின் நாற்றத்தையும் அனுபவியுங்கள். ஹுதுத் சாப்பிடுங்கள், தேங்காய்ப்பாலில் கொதித்த மீனும் இடித்த வாழைக்காயும். உங்கள் மனைவிக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். வீடு பார்க்கும்போது ஜன்னல் வலையைத் தொட்டுப் பார்க்க மறக்காதீர்கள். அங்கே ஆளைக் கடிப்பது கொசு மட்டுமல்ல, மணல் ஈ. சாதாரணக் கொசுவலைக்குள் அது நுழைந்துவிடும்.